சுறா முகமூடி கேட்ட சீர்

என் கடையில் கெட்ட வார்த்தை பேசக்கூடாது. இந்தோனேசியாவின் சுராபாயாவில் இருந்துகொண்டு இப்படி ஒரு சட்டம் போடுவது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும். இங்கே உயிர் நண்பனைக் கூப்பிடுவதே கெட்ட வார்த்தையில்தான். ஆனாலும் சட்டம் சட்டம்தான். வாய் தவறியவர் அன்றைக்குச் சேர்ந்த நூடுல்ஸ் கிண்ணங்கள் அத்தனையையும் கழுவ வேண்டும். பிக்கப் வண்டி ஓட்டும் ருஸ்லான் இதுவரை கழுவியதைக் குவித்தால் ஒரு கல்யாண வீட்டுப் பாத்திரம் தேறும்.

கெஞ்செரான் கடற்கரையில் மீன் புகை போடும் அடுப்புகளுக்குப் பின்னால் என் கடை. என்னை எல்லோரும் 'இபு' என்பார்கள், அம்மா என்று அர்த்தம். டி.வி.களும் கேம் பெட்டிகளும் வரிசையாக இருக்கும். வாடகைக்கு எடுத்துப் பாயில் உட்கார்ந்து விளையாடலாம். பெரும்பாலும் கால்பந்துதான் ஓடும். 'கறுப்பு முகத்துவாரம்' என்ற கேம் வந்த பிறகு கால்பந்தைக் கேட்க ஆளில்லை. கிண்ணங்களும் எப்போதும் பளபளவென்று இருந்தன.

கேமின் கதை பெரிதாக ஒன்றும் இல்லை. துறைமுகத்தைக் கையில் வைத்திருக்கும் ஒரு கும்பல் பெண்பிள்ளைகளைக் கப்பலேற்றி விற்கிறது. போலீஸ் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காது. ஓர் அக்காவும் தம்பியும் முகமூடி போட்டுக்கொண்டு கிடங்கு கிடங்காகப் புகுந்து அந்தக் கும்பலைத் தீர்க்கிறார்கள். அக்காவுக்குச் சுறா முகமூடி, கையில் பனிக்கட்டி இழுக்கும் இரும்புக் கொக்கி. தம்பிக்கு முதலை முகமூடி, கையில் குட்டைத் துப்பாக்கி. ரத்தம் டி.வி.யை விட்டு வழிந்து என் பாயை நாசமாக்கிவிடுமோ என்று முதல் நாள் எனக்குப் பயமாகவே இருந்தது.

சுறாவும் முதலையும் எங்கள் ஊர்ச் சின்னம். சிலையாக நிற்கும்போதும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டுதான் நிற்கும். அந்த ஜென்மப் பகையாளிகளை அக்கா தம்பியாக்கிய மூளை இந்த ஊர்ப் பையன்கள் சிலருடையது. அவர்களில் எவன் வந்தாலும் அவனுக்கு ஆயுள் முழுக்க என் கடையில் ஐஸ் டீ இலவசம்.

நான் இந்த இருவரிடமும் மயங்கிப் போனேன் என்றே சொல்லவேண்டும். கொலை செய்வதற்காக அல்ல, கொலை எல்லாக் கேமிலும்தான் இருக்கிறது. இவர்கள் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். கதவை உடைக்கும் முன் சுறா கொக்கியால் தரையை ஒரு தடவை தட்டுவாள், முதலை பதிலுக்கு ஒரு தடவை தட்டுவான், அவ்வளவுதான். உள்ளே பெருக்குகிற கிழவனோ டீ கொண்டுவருகிற பெண்ணோ குறுக்கே வந்தால் அவர்கள் ஒதுங்கும்வரை இருவரும் நிற்பார்கள், அதற்குள் குண்டு பாய்ந்தாலும் சரி. முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு ஒரு கூடத்தைக் கடப்பார்கள் பாருங்கள், நான் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பேன்.

விளையாட இரண்டு பேர் வேண்டும். டி.வி. நடுவில் ஒரு கோடு விழுந்து சுறாவுக்கு ஒரு பாதி, முதலைக்கு ஒரு பாதி. ஒருவர் விழுந்தால் மற்றவர் ஓடிப்போய்த் தூக்கிவிடவேண்டும். தாமதித்தால் இருவருமே காலி. முகமூடியைக் கழற்ற ஒரு முக்கோணப் பட்டன் உண்டு. அதை யாரும் தொடுவதில்லை. தொட்டால் எங்காவது ஒரு கேமரா முகத்தைப் பிடித்துவிடும், கட்டம் முடிந்தது என்று எழுத்து வந்துவிடும். முதல் வாரமே எல்லோரும் கற்றுக்கொண்ட பாடம் அது.

கடைசிக் கட்டம் பனிக்கட்டி ஆலை. அதன் கடைசியில் ஓர் இரும்புக் கதவு, மேலிருந்து கீழே இறங்குவது. ஒருவர் நெம்புகோலைப் பிடித்தால்தான் அது திறந்திருக்கும், மற்றவர் அதற்குள் வெளியே ஓடவேண்டும். பிடித்தவர் மாட்டிக்கொள்வார். அங்கே மட்டும் கேம் தன் விதியைத் தளர்த்தி, ஒருவர் தப்பினாலும் ஜெயித்ததாக ஒப்புக்கொள்ளும். என் கடையில் எல்லோரும் ஒரே மாதிரிதான் முடித்தார்கள்: சுறா கதவைப் பிடிப்பாள், முதலை ஓடிவிடுவான். படகில் அவன் தனியாகப் போவதைக் காட்டிப் பாட்டுப் போடுவார்கள்.

இதை லிலிக்கும் ஆர்டியும் விளையாடியதைப் போல வேறு யாரும் விளையாடி நான் பார்த்ததில்லை.

நிஜமான அக்கா தம்பி. லிலிக் பைக் டாக்ஸி ஓட்டுகிறாள். பச்சைச் சட்டை, தலைக்கவசம், மூக்குக்குத் துணி என்று அவள் வந்து இறங்கும்போது இவள்தான் முகமூடிக்காரி என்று சொல்லத் தோன்றும். முப்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றிக் கேட்பவர்களைச் சந்தின் பாதியிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவாள். ஆர்டி அவளைவிடச் சின்னவன், குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன், பார்க்க லட்சணமாக இருப்பான், கொஞ்சம் சோம்பேறி. அவளை "நிங்" என்று கூப்பிடுவான், எங்கள் ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். அவள் அவனை "லே" என்பாள்.

மற்றவர்கள் விளையாடும்போது கத்துவார்கள், வலது, இடது, பின்னாடி பாரு என்று. இவர்கள் இருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அவள் முழங்கை அசைந்தால் அவன் முதலை திரும்பியிருக்கும். அவன் மூச்சை இழுத்தால் அவள் கொக்கி போயிருக்கும். ருஸ்லான்கூட அப்போது சத்தம் போடமாட்டான். கடைசியில் அவள் கதவைப் பிடிப்பாள், அவன் ஓடுவான், அவள் பாதி இருட்டாகும். அவள் கன்ட்ரோலரை வைத்துவிட்டு நூடுல்ஸ் கேட்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஆர்டி ஒரு மடத்தனம் செய்தான்.

எங்களில் மூத்தவர் கல்யாணம் ஆகாமல் இருக்க இளையவர் கல்யாணம் செய்துகொண்டால் அதற்குத் தாண்டிப் போவது என்று பெயர். தாண்டுகிறவர் மூத்தவர் முன்னால் உட்கார்ந்து, உன்னைத் தாண்டிப் போகிறேன், அனுமதி கொடு என்று வாயால் கேட்கவேண்டும். மூத்தவர் ஒரு சீர் கேட்பார், எது கேட்டாலும் கொடுக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் நாள் பார்ப்பது, பந்தல் போடுவது எல்லாம். அம்மாவே நினைத்தாலும் இதில் குறுக்கே பேச முடியாது.

ஆர்டி இஃபா என்ற பெண்ணை விரும்பினான். மருந்துக்கடையில் வேலை செய்யும் நல்ல பெண், சிரித்த முகம். இஃபாவின் அப்பா அவசரக்காரர். இன்னும் சில வாரங்களில் கல்யாணமே வைக்காத மாதம் பிறந்துவிடும், அதற்கு முன் முடித்துவிடலாம் என்று நாள் குறித்தார். ஆர்டி சரி என்று தலையாட்டிவிட்டு, அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நாளைக் கடத்தினான்.

லிலிக்குக்கு விஷயம் தெரிந்தது எப்படி என்று கேளுங்கள். அவள் பைக்கின் பின்னால் உட்கார்ந்த ஒரு சவாரி போனில் பேசிக்கொண்டே வந்தார். பந்தல் வாடகைக்கு விடுகிறவர். மாப்பிள்ளை பெயர் ஆர்டி, கெஞ்செரான் பையன், அக்கா இன்னும் கல்யாணம் ஆகாதவளாம், அவளுக்குத் தனியாக ஒரு நாற்காலி அலங்காரம் பண்ணவேண்டும் என்று அவர் யாரிடமோ சொன்னாராம். லிலிக் அவரைச் சொன்ன இடத்தில் பத்திரமாக இறக்கிவிட்டாள். பிறகு நேராக என் கடைக்கு வந்து தலைக்கவசத்தைக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள்.

ஆர்டி மாலையில் வந்தான். கையில் பட்டுத் துணி, புதுக் கைக்கடிகாரம், கைப்பை, எல்லாம் மினுமினுக்கும் காகிதத்தில் சுற்றி. கேட்கவேண்டியதைக் கேட்காமல் சீரை முதலில் கொண்டு வந்துவிட்டான். இதற்கு ஒரு கெட்ட வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. கிண்ணம் கழுவவேண்டுமே என்று விழுங்கிக்கொண்டேன்.

லிலிக் பொட்டலங்களை அவன் பக்கமே தள்ளினாள். சீர் என்ன வேண்டும் என்று தான்தான் சொல்லவேண்டும், துணிக்கடைக்காரன் சொல்லக்கூடாது என்றாள். என்ன வேண்டும் என்று அவன் கேட்டான். அவள் மூலையிலிருந்த டி.வி.யைக் காட்டினாள்.

"ஆலைக் கட்டம். ரெண்டு பேரும் உசிரோட வெளிய வரணும்."

கடை முழுக்கச் சிரித்தது. ஆர்டியும் சிரித்தான், அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினான்.

"அது முடியாது நிங். யாருமே பண்ணல."

"நான் கேட்டது அதுதான். இன்டர்நெட்ல எவன் வீடியோவயாவது பாத்துட்டு வந்தியோ, இந்தச் சீர் செல்லாது."

அவன் போன பிறகு, உனக்கு என்னதான் பைத்தியம் என்று நான் அவளைத் திட்டினேன். பட்டுத் துணி நல்ல துணி, நான் தொட்டுப் பார்த்தேன். அவள் அப்போதுதான் தலைக்கவசத்தைக் கழற்றிப் பாயில் வைத்தாள்.

"ஒவ்வொரு தடவையும் நான்தான் கதவப் பிடிக்கறேன் இபு. அவன் பாதில படகு தெரியும், என் பாதி இருட்டாயிடும். ஒரே ஒரு தடவ என் பாதிலயும் படகு தெரியணும்."

அதற்குமேல் நான் திட்டவில்லை. நூடுல்ஸ் போடப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து தினமும் மாலைத் தொழுகைக்குப் பிறகு இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். இஃபாவின் அப்பாவுக்கு ஆர்டி என்ன சொல்லிச் சமாளித்தான் என்று தெரியவில்லை. அவர் கூப்பிடும்போதெல்லாம் அவன் போனைப் பாயின் அடியில் செருகிவிடுவான். கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது என் கடை மூலையில் தொங்கியது. தெருவே வந்து பார்த்தது. மட்டிக் கறி விற்கிறவர் தள்ளுவண்டியை என் வாசலுக்கே மாற்றிக்கொண்டார்.

ஆலையின் கடைசிக் கூடத்தில் பனிப்புகை முழங்கால்வரை இருக்கும். கதவு பக்கத்தில் ஒரு பெரிய பனிக்கட்டி கிடக்கும். இருவரும் சேர்ந்து தள்ளினால் அது நகரும் என்பதை லிலிக் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தாள். ஒருவர் ஒரு கையால் பக்கத்திலிருக்கும் நெம்புகோலைப் பிடித்தபடியே மறு கையால் தள்ள, அதைக் கதவுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டால் அப்புறம் நெம்புகோலைப் பிடிக்க ஆள் வேண்டாம். ஆனால் தள்ளும்போது இரண்டு பேர் கையும் கட்டிக்குப் போய்விடும், ஆயுதம் இருக்காது. கும்பலின் ஆட்களோ வற்றவே மாட்டார்கள், ஒருவன் விழுந்தால் இன்னொருவன் புகையிலிருந்து வருவான். கட்டி ஒரு சாண் நகர்வதற்குள் முதுகில் குண்டு பாயும். தினமும் இதுதான் நடந்தது.

இன்னொரு கோளாறும் இருந்தது. கதவு திறந்ததும் ஆர்டியின் விரல் தானாக ஓடும் பட்டனை அழுத்திவிடும். இத்தனை நாள் பழக்கம். முதலை பாதி தூரம் ஓடிவிட்டுத் திரும்பி வருவான், அதற்குள் சுறா விழுந்திருப்பாள். ருஸ்லான் பின்னாலிருந்து, மாப்பிள்ளைக்குக் கல்யாண அவசரம், கால் நிக்கல பாரு என்பான். ஆர்டிக்குக் காது சிவந்துவிடும்.

ஒரு மத்தியானம் அவன் சீக்கிரமாக வந்தான், கூடவே இஃபாவும். பழகிக்கொள்ளத்தான் என்றான். தன் விரலைத் திருத்தவேண்டும், அக்கா வருவதற்குள் கொஞ்சம் பயிற்சி. அவன் முதலையை எடுத்துக்கொண்டு சுறாவை இஃபாவிடம் கொடுத்தான். அது எனக்குச் சரியாகப் படவில்லை. சொல்லியிருப்பேன், அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

லிலிக் அன்றைக்குப் பார்த்து நேரத்தோடு வந்துவிட்டாள். வாசலில் நின்று டி.வி.யைப் பார்த்தாள். பாவம் அந்த இஃபா, கொக்கியைத் தூண்களில் மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டே. ஆர்டியும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சுறாவ அதுக்குள்ள கைமாத்திட்டியா லே?" என்றாள் லிலிக்.

அவ்வளவுதான் சொன்னாள். பைக் சத்தம் சந்து முனைவரை கேட்டது. மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. ஆர்டி வீட்டிலேயே அவளோடு பேசிப் பார்த்தானாம், அவள் கதவைச் சாத்திக்கொண்டாளாம். கல்யாண மாதம் தேய்ந்துகொண்டே வந்தது.

காரியத்தைச் சரி செய்தது இஃபா. அவள் போன் செயலியில் சவாரி கேட்டாள். வேறு யாராவது வந்தால் ரத்து செய்தாள், லிலிக் பெயர் வரும்வரை விடவில்லை. அந்தப் பகுதியிலிருந்த பைக் டாக்ஸிக்காரர்கள் எல்லோரும் அந்த மருந்துக்கடையைச் சபித்தார்களாம். கடைசியில் லிலிக் போய் நிற்க, இவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, எங்கே போகவேண்டும் என்று சொல்லவே இல்லை. அந்த முகமூடி எனக்கு ஆகாது, அதைப் போட்டுக்கொண்டால் எனக்கு மூச்சு முட்டுகிறது, நீங்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதுகுக்குப் பின்னாலிருந்து அழுதிருக்கிறாள். லிலிக் வண்டியை என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். அந்த நிமிடமே அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அது மாதம் முடிய மிச்சமிருந்த கடைசி வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலத்துக்குள் இஃபாவின் அப்பாவுக்குப் பதில் சொல்லவேண்டும், இல்லையென்றால் அவர் நாளைக் கலைத்துவிடுவார். ஆர்டி ஓடி வந்தான். இருவரும் பாயில் உட்கார்ந்தார்கள். மன்னிப்பு எதுவும் இல்லை, விசாரிப்பும் இல்லை. அவள் கொக்கியால் தரையைத் தட்டினாள். அவன் கொஞ்சம் பிந்தித் தட்டினான்.

நன்றாகத்தான் ஆரம்பித்தார்கள். இரண்டு முகமூடிகளும் புகைக்குள் முதுகு ஒட்டிக்கொண்டு வந்ததைப் பார்க்க எனக்குப் புல்லரித்தது. ஆனால் கட்டியைத் தொட்டதும் பழைய கதை. விழுந்தார்கள். மறுபடி. விழுந்தார்கள். ருஸ்லான் ஏதோ முணுமுணுத்தான், நான் கிண்ணங்களைக் காட்டினேன். ஒரு தடவை கதவு திறந்தது, ஆர்டியின் விரல் மறுபடி ஓடிவிட்டது. பாதி தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தான். சுறா தனியாகச் சுற்றி வளைக்கப்பட்டிருந்தாள்.

அப்போதுதான் அவனுக்குப் பொறுமை போயிற்று. அக்காவைப் பார்த்துக் கத்தினான்.

"உனக்கு நான் தோக்கணும், அதான வேணும்? இந்தா, தோத்துட்டேன்."

முக்கோணப் பட்டனை ஓங்கி அழுத்தினான். முதலை முகமூடியைக் கழற்றித் தரையில் எறிந்தான். கடையில் எல்லோரும் மூச்சுவிட்டோம், முடிந்தது, இப்போது எழுத்து வரும் என்று.

எழுத்து வரவில்லை.

ஆர்டி கன்ட்ரோலரைப் பாயில் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டான். அதனால் அவன் பார்க்கவில்லை. லிலிக் பார்த்தாள், நானும் பார்த்தேன். புகையிலிருந்து ஒருவன் கத்தியோடு வந்தான், முகமூடி இல்லாமல் நின்ற பையனைத் தாண்டிப் போனான், தரையில் கிடந்த முதலை முகமூடியைக் குத்தத் தொடங்கினான். இன்னொருவன் வந்தான், அவனும் அதையே சுட்டான். அந்தக் கும்பலில் ஒருவனுக்கும் அவன் முகம் தெரியாது. அவர்கள் இத்தனை நாள் பயந்தது முகமூடிக்கு. ஆலை முழுக்கப் புகை, அங்கே கேமரா எதுவும் இல்லை.

லிலிக் தம்பியின் கையைப் பிடித்துக் கன்ட்ரோலரைத் திணித்தாள். அவன் நிமிர்ந்தான். முக்கோணப் பட்டனை அழுத்தி, சுறா முகமூடியைக் கழற்றி, கூடத்தின் அந்தக் கோடிக்கு வீசினாள். சூழ்ந்து நின்ற அத்தனை பேரும் அதன் பின்னால் ஓடினார்கள். சுவரைக் குத்துகிறார்கள், முகமூடியை மிதிக்கிறார்கள், ஒருவனையொருவன் சுட்டுக்கொள்கிறார்கள். இத்தனை வருஷமாக இந்தக் கடையில் எத்தனையோ கேம் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு அழகைப் பார்த்ததில்லை.

லிலிக் ஒரு கையால் நெம்புகோலை இழுத்துப் பிடிக்க, இருவரும் கட்டியில் கை வைத்தார்கள். அது நகர்ந்தது. மெதுவாக, அவ்வளவு மெதுவாக நகர்ந்தது, ருஸ்லான் எழுந்து நின்று காற்றில் தள்ளிக்கொண்டிருந்தான். கட்டி கதவுக்கு அடியில் போய் உட்கார்ந்தது. கதவு அதன்மேல் இறங்கி நின்றது. ஆர்டியின் விரலைப் பார்த்தேன், ஓடும் பட்டன்மேல்தான் இருந்தது, அழுத்தவில்லை. அக்காவின் ஆள் குனிந்து வெளியே போகும்வரை அவன் காத்திருந்தான். பிறகு போனான்.

நடுக்கோடு அழிந்தது. டி.வி. முழுக்க ஒரே படமானது: விடிகிற வானம், படகுத்துறை, படகு. இருவரும் அதில் இருந்தார்கள். கடை அதிர்ந்தது. ருஸ்லான் கெட்ட வார்த்தைகளை மாலையாகத் தொடுத்தான், நான் கிண்ணங்களைக் காட்டவில்லை. இஃபா என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன், அதிலென்ன வெட்கம்.

முகமூடி இல்லாமல் அவர்களை அப்போதுதான் முதலில் பார்த்தோம். வீரர்கள் என்று சொல்லமுடியாது. களைத்துப்போன ஒரு பெண், சவரம் செய்யாத ஒரு பையன். மீன் வாங்க வரிசையில் நிற்பவர்கள் மாதிரி இருந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை இன்னும் கூடிப்போயிற்று.

படகு முகத்துவாரத்துக்கு வந்து ஒரு மரக்கட்டையில் கயிறு கட்டி நின்றது. பையன் கரையில் இறங்கினான். பெண் இறங்கவில்லை. திரையில் எழுத்து வந்தது: 'இரண்டு பேரைத் தேடுகிறார்கள். தனியாகப் போகிறவரை யாரும் தேடுவதில்லை.' நடுக்கோடு மறுபடி விழுந்தது. அவன் பாதியில் ஆறு, அவள் பாதியில் கடல். அவள் பாதியின் அடியில் மட்டும் ஒரு சின்ன வரி: கயிற்றை அவிழ்க்கப் பட்டனை அழுத்தவும்.

கடையில் சத்தம் தானாக அடங்கியது. லிலிக் அழுத்தவில்லை. கேம் காத்திருந்தது. அது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும் போலிருந்தது; படகு ஆடியது, பையன் கரையில் நின்றான்.

"ஆஃப் பண்ணிடலாம் நிங்," என்றான் ஆர்டி மெதுவாக. "ரெண்டு பேரும் உசிரோட வந்தாச்சு. இத அழுத்தணும்னு இல்ல."

"கேக்க வேண்டியத நீ இன்னும் கேக்கல லே."

அவன் புரியாமல் பார்த்தான். பிறகு புரிந்தது. கன்ட்ரோலரைக் கீழே வைத்து, அவள் பக்கம் திரும்பி முழங்காலிட்டு உட்கார்ந்தான். என் கடைப் பாய்மேல், நூடுல்ஸ் கிண்ணங்களுக்கு நடுவில். இரண்டு கைகளாலும் அவள் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டான்.

"நிங், நான் உன்னத் தாண்டிப் போறேன். மன்னிச்சு அனுமதி குடு."

லிலிக் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் தாடை இறுகியிருந்தது. அந்த இடத்தில் அவள் மாட்டேன் என்று சொல்லியிருந்தாலும் நான் அவள் பக்கம்தான் நின்றிருப்பேன்.

"எனக்கு முன்னால போ," என்றாள். "மனசுல குறை எதுவும் வெச்சுக்கல. நல்லா இரு."

பட்டனை அழுத்தினாள். கயிறு அவிழ்ந்தது. படகு கடலுக்குள் போனது. கரையில் நின்ற பையன் கை தூக்கியபடியே சின்னதாகிக்கொண்டு வந்தான். படகில் இருந்த பெண் முன்னால் பார்த்தபடியே போனாள். லிலிக் ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தாள். வட்டம், சதுரம், முக்கோணம், எல்லாவற்றையும். கேம் செய்த பையன்கள் அவளுக்குத் திரும்பிப் பார்க்க ஒரு பட்டன் வைக்கவில்லை. பிறகு அவள் கன்ட்ரோலரை வைத்துவிட்டு, கழுத்தைத் திருப்பி, பக்கத்தில் முழங்காலிட்டிருந்த தன் தம்பியைப் பார்த்தாள்.